மஞ்சள் போகும் வழி

சென்ற றமழானின் இரண்டாம் கிழமை. அஸர் தொழுதுவிட்டு வந்த என் மூத்த மகன் முற்றத்தில் நின்று செருப்பைக் கழற்றிக் கொண்டிருந்தான். கஞ்சிக் கோப்பையுடன் வந்த மாமி அவனைப் பார்த்ததும் கோப்பையை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டார்.

"புள்ளட கண்ணப் பாரு மகள். மஞ்சளாக் கிடக்கு. செங்கமாரி கண்டிருக்கு. நோன்ப விடச் சொல்லு."

பார்த்தேன். உண்மைதான். கண்ணின் வெள்ளையில் மெல்லிய மஞ்சள் படர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. முதல்நாள் தறாவீஹ் முடிந்து பந்தடித்துவிட்டுத்தான் வந்து படுத்தவன். "எனக்கு ஒண்டுமில்ல உம்மா" என்றான். பத்தொன்பது வயதுப் பிள்ளை வேறென்ன சொல்வான்?

இரத்தம் கொடுத்துச் சோதித்தோம். ஈரலில் அழற்சியில்லை, அடைப்பில்லை, வைரசில்லை. பிலிரூபின் என்ற ஒன்று மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. அறிக்கையைப் பார்த்த வைத்தியர் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "பிறந்தநேரம் இவருக்கு மஞ்சள் வந்ததா டீச்சர்?" வந்தது, கடுமையாகவே வந்தது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரை எழுதித் தந்தார். இது நோயில்லை, உடம்பின் ஒரு சுபாவம். தாராளமாக நோன்பு பிடிக்கலாம் என்றார்.

நான் தமிழ் படித்தவள். உயர்தரத்திலும் கலைப்பிரிவு. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பத்தொன்பது வருசத்துக்கு முந்திய மஞ்சளுக்கும் நோன்பு மாதத்து மஞ்சளுக்கும் என்ன தொடர்பு? தேடிப் படித்ததில் ஈரலைப் பற்றி அறிந்ததை விட, மனிதர் ஒரு விடயத்தை எவ்வளவு மெதுவாக, எத்தனை தரம் பிழைத்துப் பிழைத்து அறிந்து கொள்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் அறிந்தேன். அந்தக் கதையையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் துறையான சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நாம் செங்கமாரி என்கிறோம், எழுத்தில் மஞ்சட்காமாலை. காமாலை வடமொழியின் 'காமலா'விலிருந்து வந்தது. அரபியில் யரகான். பயிர் மஞ்சளித்துப் போகும் நோய்க்கும் அரபியர் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். வயல் செய்யும் நமக்கு அந்த உவமை சட்டென்று விளங்கும். கிரேக்கரின் 'இக்தெரோஸ்' நோய்க்கும் பெயர், ஒரு மஞ்சள் பறவைக்கும் பெயர். எல்லா மொழியும் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே பிடித்துக் கொண்டது. நம் செங்கமாரியின் தலையில் மட்டும் சிவப்பு வந்து நிற்கிறது. சொற்பிறப்பு ஆராய நான் இங்கு வரவில்லை. ஆனால் 1864இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் ஸ்டேடெலர் அந்த மஞ்சட் பொருளுக்கு 'பிலிரூபின்' என்று பெயர் வைத்தபோது, பித்தத்துக்கும் சிவப்புக்கும் உரிய இரண்டு இலத்தீன் சொற்களையே சேர்த்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்ற பழமொழியை இருபது வருசமாக வகுப்பில் விளக்கி வருகிறேன். மகனிடம் கேட்டேன். "சுவர் வெள்ளையாத்தான் தெரியுது உம்மா" என்றான். மஞ்சள் படிவது கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய சவ்வில். வெளிச்சம் உள்ளே போகும் வாசலில் அல்ல. பழமொழியைத் தொடர்ந்து கற்பிப்பேன், ஆனால் உவமையாக மட்டும்.

இப்னு ஸீனாவின் (980–1037) 'அல்கானூன்' மூன்றாம் பாகத்தில் தலை தொடங்கிக் கால் வரை உறுப்பு உறுப்பாக நோய்கள் வருகின்றன. பித்தப்பையும் மண்ணீரலும் வருமிடத்தில் யரகானும் வருகிறது: மஞ்சள் யரகான், கறுப்பு யரகான் என இரண்டாக. உடலை நான்கு திரவங்கள் ஆளுகின்றன என்பது கிரேக்கரிடமிருந்து வந்த கொள்கை. மஞ்சள் பித்தத்தை ஈரலுடனும் பித்தப்பையுடனும், கறுப்புப் பித்தத்தை மண்ணீரலுடனும் அது இணைத்தது. யூனானி வைத்தியரிடம் இன்றும் ஸஃப்ரா, ஸவ்தா என்ற சொற்களைக் கேட்கலாம். இந்தக் கொள்கையை இன்று யாரும் உயிரியலாக ஏற்பதில்லை. ஆனாலும் அந்த வைத்தியர்கள் கண்ணால் கண்டதைச் சரியாகக் கண்டிருந்தார்கள். பித்தம் குடலுக்கு இறங்கும் வழி அடைபட்டால் மலம் வெளிறும், அடைபட்ட பித்தம் உடலில் பரவும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அவர்களுக்குத் தெரியாமல் போனது ஒன்று. அந்த மஞ்சள் ஈரலில் பிறப்பதில்லை.

1847இல் ஜேர்மனியில் ருடோல்ப் விர்சோ பழைய இரத்தக் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். இரத்தம் கசிந்து உறைந்து நாட்பட்ட இடங்களில் மஞ்சட் பளிங்குகள் கிடந்தன. ஈரலுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு தொடர்புமில்லை. சிவப்பிலிருந்துதான் மஞ்சள் வருகிறதோ என்ற ஐயம் அங்கே எழுந்தது. இதற்கு நுணுக்குக்காட்டி கூட வேண்டியதில்லை. சைக்கிளால் விழுந்த பிள்ளையின் முழங்காலைப் பாருங்கள். முதலில் கன்றி நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள். நம் கண்முன்னே தோலுக்கடியில் நடக்கும் விடயம் அது. எத்தனை ஆயிரம் வருசம் எத்தனை உம்மாமார் பார்த்திருப்பார்கள்!

ஆனால் 1886இல் ஒரு வாத்து வந்து வழியை மறித்தது. நௌனினும் மின்கோவ்ஸ்கியும் பெருவாத்துகளுக்கு ஆசனிக் கலந்த வாயுவைக் கொடுத்தார்கள். அந்த வாயு செங்குழியங்களை உடைக்கும். வாத்துகளின் உடலில் பித்தநிறம் பெருகியது. ஈரலை அகற்றிய வாத்துகளுக்கு அதே வாயுவைக் கொடுத்தபோது நிறம் பெருகவில்லை. ஆகவே ஈரல்தான் நிறத்தை உண்டாக்குகிறது, ஈரலின்றிச் செங்கமாரியில்லை என்று முடிவு கட்டினார்கள். சோதனையில் குறை சொல்ல முடியாது. பிழை வாத்தைத் தெரிந்தெடுத்ததில் இருந்தது. கிழட்டுச் செங்குழியங்களை விழுங்கி உடைக்கும் கலங்கள் மனிதருக்கு மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் ஈரலிலுமாகப் பரந்திருக்கின்றன. பறவைகளுக்கோ அவை பெரும்பாலும் ஈரலுக்குள்தான். ஈரலை எடுத்தால் உடைக்கும் ஆட்களையும் சேர்த்தே எடுத்ததாகிறது. 1913 அளவில் மக்னீ என்பவர் இதைச் சுட்டிக் காட்டினார். 1920களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் மான், மகாத் ஆகியோர் நாய்களின் ஈரலை அகற்றிப் பார்த்தார்கள். ஈரலில்லாத நாயின் இரத்தத்தில் மஞ்சள் ஏறிக் கொண்டே போனது. ஈரல் மஞ்சளை ஆக்குவதில்லை, அகற்றுகிறது என்பது அப்போதுதான் ஐயமற நிலைபெற்றது. (அந்த வாயில்லாச் சீவன்களை நினைக்க மனம் சங்கடப்படுகிறது. ஆனால் என் மகனுக்குக் கிடைத்த பதிலில் அவற்றின் பங்கும் இருக்கிறது.)

இன்று நமக்குத் தெரிந்த வழி இதுதான். ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஒவ்வொரு செக்கனும் இருபது இலட்சமளவில் அவை முடிகின்றன. உடைபடும் ஈமோகுளோபினில் இருந்து புரதம் கழன்று விட, இரும்பைப் பிடித்து வைத்திருந்த 'ஈம்' என்ற வளையம் மிஞ்சும். 1968இல் டென்ஹூனன், மார்வர், ஷ்மிட் ஆகிய மூவர் இனங்கண்ட நொதியம் ஒன்று இந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டுகிறது. இரும்பு மீண்டும் சேமிப்புக்குப் போகிறது. ஒரு துளி காபனோரொட்சைட்டு வெளியாகி மூச்சோடு போகிறது. வளையம் திறந்து பச்சைப் பொருளாகிறது, அது பிலிவேர்டின். இன்னொரு நொதியம் பச்சையை மஞ்சளாக்குகிறது. முழங்காற் காயத்தில் நாம் பார்க்கும் அதே வரிசை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிரூபின் இப்படி உண்டாகிறது. ஒரு சிட்டிகையும் வராது.

சிக்கல் என்னவென்றால் இந்த மஞ்சள் நீரில் கரையாது. எண்ணெய் போல. அதனால் இரத்தத்திலே அல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறித்தான் ஈரலுக்குப் பயணம். அல்புமின் சுமக்கும் வரை ஆபத்தில்லை. சுமக்க முடியாத அளவு கூடினால் பிஞ்சுக் குழந்தையின் மூளைக்குள் புகுந்துவிடும். 1904இல் ஷ்மோர்ல் அந்த மூளைகளின் உட்கருக்கள் மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்து 'கேர்ன்இக்தெருஸ்' என்று பெயரிட்டார். தப்பிய பிள்ளைகள் பலர் காது கேளாமலும் கைகால் தம் வசத்தில் இல்லாமலும் வாழ்ந்தார்கள்.

ஈரலுக்குள் என்ன நடக்கிறது? அதற்கான தடயம் ஒரு மறதியில் கிடைத்தது. பிலிரூபினை அளக்க எர்லிக் 1883இல் கண்ட நிறத்தாக்கம் ஒன்று இருந்தது. நீரில் கரையாத பொருளென்பதால் அற்ககோலும் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தின் வான் டென் பேர்க்கும் முல்லரும் ஒருமுறை பித்தநீரைச் சோதிக்கையில் அற்ககோலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இருந்தும் நிறம் வந்தது. 1916இல் அவர்கள் எழுதியபடி பிலிரூபின் இரண்டு வகை: நேரடியாகத் தாக்கம் காட்டுவது, அற்ககோல் வேண்டுவது. இன்றும் நமது இரத்த அறிக்கைகளில் 'டிரெக்ட்', 'இன்டிரெக்ட்' என்று வரும் இரண்டு வரிகள் அந்த மறதியின் பிள்ளைகள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு நாற்பது வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1956இல் லண்டனில் பார்பரா பில்லிங்கும் லேத்தும், அமெரிக்காவில் ஷ்மிட், பேர்னோ நகரில் தலஃபான்ற் என மூன்று இடத்தில் தனித்தனியே ஒரே விடை வந்தது. ஈரல் ஒவ்வொரு பிலிரூபினிலும் குளுக்குரோனிக் அமிலம் என்ற, சீனியிலிருந்து வரும் ஒரு பொருளைக் கட்டிவிடுகிறது. கட்டியதும் அது நீரில் கரையும். கரைந்தது பித்தக்கான் வழியே குடலில் இறங்குகிறது. அங்கே பற்றீரியாக்கள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்தின் மண்ணிறம் அதிலிருந்து வருவதுதான். கொஞ்சம் திரும்ப உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு மஞ்சள் தருகிறது. பித்தவழி அடைபட்டால் மலம் வெளிறுவது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? கட்டப்பட்டுக் கரையும் வகை இரத்தத்துக்குத் திரும்பும்போது சிறுநீரால் வெளியேறி அதைத் தேயிலைச் சாயம் போலாக்கும். கட்டப்படாத வகையோ கரையாததால் சிறுநீருக்குள் வராது. ஆகவே கண் மஞ்சளானவரின் சிறுநீர் என்ன நிறம் என்பது முக்கியமான கேள்வி. நோன்பு நாளில் பிற்பகலாகும்போது எவருடையதும் அடர்த்தியாகத்தான் இருக்கும். இரவில் வயிறாரத் தண்ணீர் குடித்த பிறகும் சாயமாகவே போனால், அல்லது மலம் வெளிறினால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

என் மகனுக்கு அந்தக் கட்டும் வேலைதான் மந்தம். 1901இல் பாரிஸ் வைத்தியர் ஒகுஸ்தென் ஜில்பேர் இத்தகையவர்களைப் பற்றி எழுதினார். குடும்பத்தில் வரும், ஆளுக்கு வேறு குறையில்லை. நம் ஊர் உச்சரிப்பில் அவர் கில்பர்ட் ஆகிவிட்டார். காரணம் 1995இல் தெரிந்தது. கட்டும் நொதியத்துக்குரிய மரபணுவின் முகப்பில் இரண்டு எழுத்துள்ள ஓர் அசை ஆறு தரம் வரவேண்டியது. இவர்களுக்கு ஏழு தரம் வருகிறது. ஏடு பெயர்த்தெழுதியவர் ஓர் அசையைக் கூட எழுதிவிட்ட மாதிரி. பாடபேதம்! அர்த்தம் கெடவில்லை, ஓசை மட்டும் தளர்ந்தது: நொதியம் சாதாரண அளவில் மூன்றிலொரு பங்கே வேலை செய்கிறது. பட்டினி கிடந்தால் மஞ்சள் கூடும், சாப்பிட்டால் இறங்கும். றமழானில் மாமியின் கண்ணில் பட்டது அதுதான். கணவரின் சின்னக் காக்காவைச் சின்ன வயதில் 'மஞ்சக்கண்ணன்' என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். ஒரு பெயர் வைத்தியம் வரை போக இரண்டு தலைமுறை ஆனது.

இதே நொதியம் முற்றிலும் இல்லாமற் போகும் அரிய நிலையொன்றும் உண்டு. லெபனானில் பிறந்த விக்டர் நஜ்ஜார், ஜோன் கிரிக்லருடன் சேர்ந்து 1952இல் அதை விவரித்தார். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை விளக்கொளியில் கழிகிறது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மகன் பிறந்த கதைக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் வரை பிள்ளையின் மஞ்சள் நச்சுக்கொடி வழியே தாயிடம் வந்துவிடுகிறது. தாயின் ஈரல்தான் இருவருக்கும் சேர்த்து வேலை செய்கிறது. இதைப் படித்த இரவு புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பத்து மாதம் சுமந்தது தெரியும்; அவனுடைய மஞ்சளையும் நான்தான் அகற்றினேன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தொப்புள்கொடி அறுந்த கணத்திலிருந்து பிள்ளையின் ஈரல் தனித்துவிடுகிறது. நொதியமோ இன்னும் விழித்தெழவில்லை. அதனால்தான் பச்சைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதற்கிழமையில் மஞ்சளிக்கின்றன. பெரும்பாலும் தானாக மறையும்.

என் பிள்ளைக்கு மறையவில்லை. மூன்றாம் நாள் முகத்தில், நான்காம் நாள் வயிற்றில். "சுபஹு வெயில்ல கொஞ்சம் காட்டு புள்ள, பறந்திரும்" என்றார் என் உம்மா. இரண்டு நாள் காட்டினோம். சீனித்தண்ணியும் கொடுத்தோம். ஐந்தாம் நாள் உள்ளங்கால் வரை மஞ்சள். பிள்ளை பாலுக்கு அழவில்லை, தூங்கியபடியே கிடந்தான். வைத்தியசாலையில் ஒரு வயதான மிஸ்ஸி உம்மாவைப் பார்த்துக் கத்தினார். "வெயில் வைத்தியமா செய்து கொண்டிருந்தீங்க?" உம்மா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் போட்டார்கள். அன்றிலிருந்து உம்மா வேறெந்தப் பேரப்பிள்ளைக்கும் வெயில் காட்டச் சொன்னதில்லை. அது ஒரு குற்றம் போல அவர் மனதில் தங்கிவிட்டது.

அந்த நீல விளக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் படித்தேன். இங்கிலாந்தின் எசெக்ஸில் றொச்ஃபோர்ட் வைத்தியசாலை, 1956இன் கோடைகாலம். குறைமாதப் பிள்ளைகளின் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் ஜீன் வார்ட். புதுக்காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பியவர். வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குத் தள்ளிக் கொண்டு போவார். ஒருநாள் டொக்டர் டொப்ஸ் பார்வையிட வந்தபோது சிஸ்டர் தயங்கித் தயங்கி ஒரு பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளிர்ந்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் கடும் மஞ்சள். எதையாவது பூசினீர்களா என்றார் டொக்டர். இல்லை, வெயில்தான் என்றார் சிஸ்டர். வெயில் பட்டால் கறுக்குமே தவிர இப்படியா வரும் என்று டொக்டர் கேட்க, அவர் விளக்கினார்: முக்கோணம் விரிப்பின் நுனி மூடியிருந்த இடம். அது மஞ்சளாகவில்லை, மற்ற இடமெல்லாம் மஞ்சள் போய்விட்டது.

அவர் சொன்னதை அன்று பெரிதாக எடுத்தவர் இல்லை. சில கிழமை கழித்து, இரத்தம் மாற்ற இருந்த ஒரு பிள்ளையின் இரத்தக் குழாய் ஆய்வுகூடத்தில் வெயில் படும் இடத்தில் மணிக்கணக்காகக் கிடந்துவிட்டது. அளந்தால் பிலிரூபின் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவு. புதிதாக எடுத்த இரத்தத்தில் குறையவில்லை. அப்போதுதான் சிஸ்டரின் முக்கோணம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகளை வெயிலில் வைத்து அளந்தார்கள், பிறகு வெயிலை நம்பியிருக்க முடியாத நாடென்பதால் நீலக் குழல்விளக்குகளால் ஒரு தொட்டில் விளக்குச் செய்தார்கள். கிரெமர், பெரிமன், றிச்சர்ட்ஸ் ஆகிய மூவரின் பெயரில் 1958இல் 'லான்செற்' சஞ்சிகையில் கட்டுரை வந்தது. கட்டுரையாளர் வரிசையில் ஜீன் வார்ட் இல்லை.

அமெரிக்கா இதைக் கவனிக்கப் பத்து வருசமானது. 1968இல் லூசியின் ஆய்வு வந்த பிறகே அங்கே விளக்கு ஏறியது. காரணம் விளங்கியது அதற்கும் பிறகு. மஞ்சள் மூலக்கூறு நீரை விரும்பும் தன் பகுதிகளை உள்ளே மடித்து வைத்துக் கொண்டிருக்கிறது, அதனால்தான் கரையாது. நீல ஒளி பட்டதும் அது முறுகித் திறக்கிறது. திறந்ததும் ஈரல் கட்டுப் போடும் வரை நில்லாமல் பித்தத்தோடும் சிறுநீரோடும் போய்விடுகிறது. பூட்டிய வாசலுக்கு வெளிச்சம் வேறொரு வாசல் திறக்கிறது. நஜ்ஜார் விவரித்த பிள்ளைகள் விளக்கின் கீழ் வாழ்வதும் இதனால்தான்.

உம்மா சொன்னது, ஆக, பிழையல்ல. பிழை அளவில் இருந்தது. காலை வெயிலில் பத்து நிமிடம் கடும் மஞ்சளுக்குக் காணாது. கூட வைத்தால் பிஞ்சுத்தோல் சுடும், உடல் நீர் வற்றும். சீனித்தண்ணியால் பயனில்லை. தாய்ப்பாலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மலத்தோடு மஞ்சள் இறங்கும். மலம் தங்கினால் குடல் அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். இரத்தத்தை அளந்து பார்க்காமல் கண்ணால் மட்டும் முடிவெடுக்கக் கூடாது. இதையெல்லாம் யாராவது எங்களுக்கு அன்றைக்கு அமைதியாகச் சொல்லியிருக்கலாம்.

உம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. போன மாதம் அவர் பக்கத்தில் இருந்து சிஸ்டர் வார்டின் கதையைச் சொன்னேன். விரிப்பு மூடிய முக்கோணம் வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். "அந்தப் பொம்புள டொக்டருக்கிட்டச் சொல்லப் பயந்திருப்பா, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

ஷவ்வால் ஆறு நோன்பில் மகனுக்குக் கண் மறுபடி மஞ்சளித்தது. மாமி வந்தார். அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோன்பை விடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக் கொண்டு, "ராவு தண்ணி குடிச்சாப் பொறகு ஒண்ணுக்குப் போனது என்ன நிறமெண்டு கேட்டியா மகள்?" என்றார்.